லாரி டேங்கில் வயல் யூரியாவை ஊற்றாதீர்கள்!

2020 ஏப்ரல் 1 முதல் புதிய லாரிகளுக்கு பி.எஸ்-6 புகை விதி கட்டாயம். பொள்ளாச்சித் தேங்காய், மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு ஏற்றும் பி.எஸ்-6 டீசல் லாரிகள் பலவற்றில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்பு 32.5 சதவீத யூரியா கரைசல் (டி.இ.எஃப்) தெளிக்கப்படுகிறது.

செலவைக் குறைக்க வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றினால், அதிலுள்ள வேப்பெண்ணெய்ப் பூச்சும் பையூரெட்டும் படிந்து கன்வெர்ட்டர் அடைத்துவிடும். கரைசலில் மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய். கன்வெர்ட்டர் மாற்றினால் செலவு அதைப்போலப் பல மடங்கு. மானிய யூரியாவை இப்படிப் பயன்படுத்துவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட.

என்ன செய்யலாம்?

* கேனில் ஐ.எஸ்.ஓ 22241 தரக் குறியீடு பார்த்து வாங்குங்கள்.
* எச்சரிக்கை விளக்கு எரிந்தால், முதலில் கரைசலின் தரம், சென்சார், தெளிப்பான் ஆகியவற்றைச் சோதியுங்கள். கோளாறு அங்கே இருந்தால் கன்வெர்ட்டரை மாற்றத் தேவையில்லை.
* கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள், அது விதிமீறல்.