ஊசிக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

பூனைக்குச் சர்க்கரை வியாதி என்றால் சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனிதனுக்கே மருந்து வாங்கக் காசில்லாதபோது பூனைக்கு இன்சுலினா என்று கேட்பவர்களும் உண்டு. அந்த இன்சுலின் 1921-ல் டொரன்டோ நகரில் முதலில் வேலை செய்து காட்டியது நாய்களின் உடலில்தான். மனிதனுக்குப் போட்டது 1922 ஜனவரியில். பிராணிகளைக் கொண்டு கண்டுபிடித்த மருந்தைப் பிராணிக்குக் கொடுப்பதில் வேடிக்கை என்ன இருக்கிறது?

வியாதி வந்த பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராது. அடிக்கடி சிறுநீர் கழிக்கும். வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகும். சில பூனைகளுக்குப் பின்னங்கால் வலுவிழந்து, குதிகால் தரையில் படும்படி நடக்கும். வயதான, உடல் பருத்த, வீட்டுக்குள்ளேயே கிடக்கும் ஆண் பூனைகளுக்குத்தான் இது அதிகம்.

கால்நடை டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுப்பார். பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி. வீட்டார் நடுங்குவது இந்த இடத்தில்தான். அநாவசிய நடுக்கம். ஊசி மிக மெல்லியது. பூனை சாப்பிடும்போது தோலைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் போட்டால், பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாமல் போடுகிறார்களே, பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

ஆஸ்பத்திரிக் கணக்கு

"அவ்வப்போது ஆஸ்பத்திரியில் பார்க்கிறோமே, போதாதா?" என்பார்கள். போதாது. பூனை மிரளும் பிராணி. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் உட்கார வைத்தால், பயத்திலேயே அதன் ரத்தச் சர்க்கரை ஏறிவிடும். சாதாரணமாக 100 மில்லிகிராமை ஒட்டி இருக்க வேண்டியது, வியாதியே இல்லாத பூனைக்கும் 300-ஐத் தொடுவதுண்டு. அந்த ஒரு எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால் என்ன ஆகும்? வீட்டுக்கு வந்து பயம் தெளிந்ததும் சர்க்கரை மளமளவென்று இறங்கும். பூனை தள்ளாடும்; வலிப்பு வரும்; உயிரும் போகலாம்.

ஆகவே சோதனை வீட்டில்தான் நடக்க வேண்டும். அது பெரிய வித்தை அல்ல. வெதுவெதுப்பான துணியைக் காதில் சிறிது நேரம் ஒற்றினால் ரத்த ஓட்டம் கூடும். காதின் ஓரத்தில் லேசாகக் குத்தினால் கடுகளவு ரத்தம் வரும். மீட்டருக்கு அது போதும். பிறகு பஞ்சால் அழுத்திப் பிடித்து, பூனைக்குப் பிடித்த ஒரு துண்டு இறைச்சியைக் கொடுத்துவிட வேண்டும். சில நாளில் மீட்டரைக் கண்டதும் இறைச்சிக்காகத் தானே வந்து உட்காரும் பூனைகளும் உண்டு. மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும். எந்த மீட்டர் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, அதையே தொடர்ந்து உபயோகிப்பது நல்லது.

எந்த எண்ணுக்குக் கீழே ஊசி கூடாது என்பதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். சாப்பிட மறுக்கும் பூனைக்கு அவரைக் கேட்காமல் ஊசி போடக் கூடாது. அளவைத் தாமாகக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டாம். பூனை தள்ளாடினால் ஈறில் தேனைத் தடவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

நம் ஊர் மருந்துக் கடைகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இங்கே யு-40, யு-100 என்று இரண்டு வகை இன்சுலினும் விற்கிறார்கள். யு-40 சிரிஞ்சுக்கு வழக்கமாகச் சிவப்பு மூடி. யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. யு-100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 1 யூனிட் அல்ல, இரண்டரை யூனிட்! 4, 5 கிலோ எடையுள்ள பிராணிக்கு அது விளையாட்டல்ல. மூடியின் நிறத்தோடு நிற்காமல், சிரிஞ்சிலும் புட்டியிலும் அச்சிட்டிருப்பதை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் அவசரத்தில் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடலாம்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பலன் உண்டா? உண்டு. மனிதர்களில் பலருக்கு ஆயுள் முழுவதும் நீடிக்கும் இந்த வியாதி, சில பூனைகளை விட்டு விலகிவிடுகிறது. பால் சோற்றை நிறுத்தி, மாவுச்சத்துக் குறைந்த மாமிச உணவு கொடுத்து, ஆரம்பத்திலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் அதற்கு வாய்ப்பு அதிகம். ஆனால் இன்சுலின் இனி வேண்டாம் என்று பூனை வந்து சொல்லாது. மீட்டரில் எண் இறங்கி வருவதைக் கண்டு டாக்டர் மருந்தைக் குறைத்து, கடைசியில் நிறுத்துவார். சோதிக்காத வீட்டிலோ, குணமான பூனைக்கும் காலையும் மாலையும் ஊசி இறங்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திய பிறகும் அவ்வப்போது காதைக் குத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். போன வியாதி திரும்பி வருவதுண்டு.