கதவுக் கண்ணாடி வழியே



1986ஆம் ஆண்டு, லண்டன் கிரீனிச்சில் ஒரு வீடு. பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று வந்த சமூகப் பணியாளரை மாற்றாந்தந்தை உள்ளே விடவில்லை. கதவின் மேலிருந்த சிறு கண்ணாடி வழியே எட்டிப் பார்க்க மட்டும் விட்டார். சில மாதங்களில் அந்த வீட்டின் நான்கு வயதுச் சிறுமி அவர் கையால் அடிபட்டு இறந்தாள்.

மறு ஆண்டு இங்கிலாந்தின் கிளீவ்லாந்தில் நடந்தது நேர் எதிர். 121 பிள்ளைகள் பாலியல் வதைக்கு ஆளானதாக மருத்துவர் இருவர் சொல்ல, பலர் வீட்டிலிருந்து அகற்றப்பட்டார்கள். பிறகு பெரும்பாலோர் பெற்றோரிடமே திரும்பினார்கள்.

பார்க்காமல் விட்டதும் பிழை; பதறிப் பிரித்ததும் பிழை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடியதுதான் இங்கிலாந்து, வேல்ஸின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 43ஆம் பிரிவு. பிள்ளைக்குப் பெருந்தீங்கு நேர்கிறது என்று சந்தேகிக்கத் தக்க காரணம் இருந்து, பெற்றோரும் ஒத்துழைக்காவிட்டால், பிள்ளையின் நிலையை மதிப்பிட ஆணை கேட்டு உள்ளாட்சி மன்றம் நீதிமன்றத்தை நாடலாம். ஆணை கிடைத்தால் பிள்ளையைக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் பெற்றோருக்கு முன்னறிவிப்பு உண்டு. மதிப்பீட்டுக்கு ஏழு நாள்தான் உச்சவரம்பு. அதற்கு அவசியமானால் ஒழிய, பிள்ளை வீட்டைவிட்டு வெளியே தங்க வேண்டியதில்லை. ஆபத்து உடனடியானது என்றால் அதற்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தனியே இருக்கிறது.

என்னை நெகிழ வைத்தது அந்த 43ஆம் பிரிவில் உள்ள இன்னொரு வரி. விவரம் புரிந்து முடிவெடுக்கும் பக்குவம் உள்ள பிள்ளை, மருத்துவப் பரிசோதனை வேண்டாம் என்று மறுக்கலாம். பெற்றோரின் சம்மதத்தைத் தாண்டிச் செல்லும் சட்டம், பிள்ளையின் சம்மதத்துக்காக நின்று காத்திருக்கிறது!

அங்கே வாழும் நம்மவர்களுக்குள்ளும் ‘சோஷியல் சர்வீஸ்’ என்றாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சம் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவு தட்டப்பட்டால், வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று கேளுங்கள், ஆணை இருந்தால் வாங்கிப் படியுங்கள், வழக்கறிஞரிடம் பேசுங்கள். இதெல்லாம் உங்கள் உரிமை. ஆனால் பிள்ளையைப் பார்க்க விடுங்கள். கண்ணாடி வழியாக அல்ல, கதவைத் திறந்து.

அன்புடன்,
ஆசிரியர்