20 பாயின்ட் அடிச்சது யாருன்னு தெரியும்... பந்து கொடுத்தது யாரு?

கோவையில் ஒரு பள்ளி பாஸ்கெட்பால் மேட்ச் முடிந்து வெளியே வருகிறவர்களிடம், 'யாருங்க நல்லா ஆடுனது?' என்று கேட்டுப் பாருங்கள். ஸ்கோர் ஷீட்டில் யாருக்கு அதிகப் புள்ளியோ, அந்தப் பெயரைச் சொல்வார்கள். இல்லையென்றால், 'அந்த உசரமான பையன்' என்பார்கள். அந்த உயரமான பையனுக்கு, வளையத்துக்குக் கீழே, சரியான நொடியில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த குட்டைப் பையன் ஒருவன் அதே மேட்ச்சில் ஆடியிருப்பான். அவன் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவன்தான் கார்டு. இந்த வாரம் அவனைப் பற்றி. 'அவன்' என்று நான் எழுதும் இடத்திலெல்லாம் 'அவள்' என்றும் படித்துக்கொள்ளுங்கள். நம்மூரில் பெண் பிள்ளைகளும் சளைக்காமல் ஆடுகிறார்கள்.

கார்டு என்றால் என்ன வேலை? கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமைத்தவர் ஒருவர், சாப்பிடுகிறவர் ஒருவர். நடுவில் நின்று எந்த இலைக்குச் சாம்பார் போகவில்லை, எந்த வரிசையில் ரசம் கேட்கிறார்கள் என்று பார்த்து ஆட்களை அனுப்புகிற ஒரு சித்தப்பா இருப்பார் அல்லவா, அவர்தான் கார்டு. என்ன, இங்கே சித்தப்பாவுக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பந்தை 8 நொடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். 24 நொடிக்குள் அணி ஷாட் எடுத்தாக வேண்டும். அதற்குள் எதிரணியில் ஒருவன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டே இருப்பான்.

கோவைக்கு பாஸ்கெட்பால் புதிதில்லை. பி.எஸ்.ஜி டிராபி நடக்கிற நாள்களில் பீளமேட்டுக்குப் போனால் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ராணுவம், கடற்படை என்று பெரிய அணிகளையெல்லாம் கிட்டத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். தாத்தா காலத்திலிருந்து பார்த்து வருகிற குடும்பங்கள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட ஊரிலேயே, பள்ளி வயதில் ஒரு நல்ல கார்டைக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. ஆள் இல்லாததால் அல்ல. பார்க்கிற கண் வேறு எதையோ தேடுவதால்.

அந்தக் கண் தேடுவது உயரத்தை. இந்தியாவிலிருந்து உலகம் கண்டுபிடித்த பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 2015-ல் அமெரிக்காவின் என்.பி.ஏ-வுக்கு டிராஃப்ட் மூலம் தேர்வான முதல் இந்தியர் சத்னாம் சிங், 7 அடிக்கு மேல். அவருக்குப் பின்னால் வந்த அம்ஜோத் சிங், பல்பிரீத் சிங், பிரின்ஸ்பால் சிங் எல்லோருமே 6 அடி 8 அங்குலமோ அதற்கு மேலோ. கார்டு வரிசையில் யோசித்தால் 2017-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அணி ஒப்பந்தம் செய்த விஷேஷ் பிரிகுவன்ஷி ஞாபகத்துக்கு வருகிறார். அடுத்த பெயருக்கு நான் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. உயரம் கூட்டத்தில் நின்றாலே தெரியும். கார்டின் திறமை ஆட்டம் நடந்தால்தான் தெரியும், அதுவும் முழு ஆட்டம்.

நம் செலக்‌ஷன்கள் எப்படி நடக்கின்றன? நூறு பிள்ளைகள் வருவார்கள். ஓடச் சொல்வார்கள், குதிக்கச் சொல்வார்கள், லே-அப் போடச் சொல்வார்கள். கடைசியில் ஐந்துக்கு ஐந்தாகப் பிரித்துச் சில நிமிடங்கள் ஆடவிடுவார்கள். ஒருவரையொருவர் அதற்கு முன் பார்த்தேயிராத பத்துப் பேர். பந்து கையில் வந்தால் எல்லோரும் வளையத்தைப் பார்த்துத்தான் வீசுவார்கள், தேர்வாளர் கண்ணில் பட வேண்டுமே! அந்தச் சில நிமிடங்களில், 'இவன் ஃப்ரீயா நிக்கிறான்' என்று பாஸ் கொடுக்கிற பையன் தன் வாய்ப்பை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வீட்டுக்குப் போகிறான். தேர்வாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். நூறு பேரை ஒரே காலையில் பார்க்கச் சொன்னால் யாராக இருந்தாலும் அளவுநாடாவைத்தான் நம்புவார்கள்.

இது நம்மூர்ப் பிரச்னை மட்டும் இல்லை. ஸ்டெஃபென் கரியைத் தெரியாத பாஸ்கெட்பால் பிள்ளை இன்று கிடையாது. அவர் பள்ளியில் ஆடியபோது ஒல்லிக்குச்சி. அப்பா டெல் கரி என்.பி.ஏ-வில் 16 சீசன் ஆடியவர். அப்பாவும் அம்மாவும் படித்த வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகமே, 'உதவித்தொகை இல்லாமல் வேண்டுமானால் அணியோடு வந்து சேர்ந்துகொள்' என்றுதான் சொன்னது. டேவிட்சன் என்கிற சின்னக் கல்லூரியின் பயிற்சியாளர் பாப் மெக்கிலப் மட்டும் விடாமல் பின்தொடர்ந்தார்.

மெக்கிலப் பிற்பாடு பலமுறை சொன்ன கதை ஒன்று உண்டு. லாஸ் வேகாஸில் ஒரு டோர்னமென்ட். கரியைப் பார்க்கப் போயிருக்கிறார். அன்று கரி ஆடியது படுமோசம். பாஸ்கள் எங்கெங்கோ போகின்றன, ஷாட் எதுவும் விழவில்லை. வேறு யாராவது என்றால் நோட்டை மூடிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். மெக்கிலப் உட்கார்ந்து பார்த்தார். பையன் நடுவரைப் பார்த்து முறைக்கவில்லை. கூட ஆடியவன்மேல் பழி போடவில்லை. வெளியே உட்கார வைத்தபோதும் அணிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் பேசும்போது கண்ணைப் பார்த்துக் கேட்டான். இவன் நமக்கு வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். 2008-ல் அதே டேவிட்சன், அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நின்றது. 2009 டிராஃப்ட்டில் கரி ஏழாவது ஆளாகப் போனார். மீதி உங்கள் பிள்ளையின் ரூம் சுவரில் போஸ்டராக ஒட்டியிருக்கும்.

ஒரு கார்டை அவனது நல்ல நாளில் பார்ப்பதைவிட மோசமான நாளில் பார்ப்பது மேல் என்று நான் நம்ப ஆரம்பித்தது இந்தக் கதையைப் படித்த பிறகுதான். இப்போதெல்லாம் பள்ளி மேட்ச் பார்க்கப் போனால், பந்தைப் பறிகொடுத்த பிறகு அந்தப் பிள்ளை எடுத்து வைக்கிற முதல் மூன்று அடியைப் பார்க்கிறேன். கையை விரித்து நடுவரைப் பார்க்கிறானா, தலையில் கை வைக்கிறானா, திரும்பி ஓடுகிறானா? பந்தைத் தட்டும்போது கண் எங்கே இருக்கிறது என்பது அடுத்தது. பந்தைப் பார்த்துக்கொண்டே தட்டுகிறவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவனுக்கு மைதானம் தெரியாது. இடது கைப் பக்கம் நெருக்கினால் என்ன செய்கிறான்? பெரும்பாலான பிள்ளைகள் திரும்பி வலது பக்கமே வருவார்கள். எதிரணிப் பயிற்சியாளருக்கு அது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம், சத்தம். அமைதியான பிள்ளையை நமக்குப் பிடிக்கும். ஆனால் கோர்ட்டில் வாயைத் திறக்காத கார்டு, ஹாரன் அடிக்காத டவுன் பஸ் மாதிரி.

நம் பக்கத்தில் ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், அனிதா பால்துரை. சென்னையில் பள்ளி நாள்களில் தடகளமும் வாலிபாலும்தான் அவருக்கு ஆர்வம். அதில் ஒரு பாஸ்கெட்பால் ஆட்டக்காரரைப் பயிற்சியாளர் ஒருவர் பார்த்தார். அனிதா 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனார். குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்து, 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் அணியை வழிநடத்தினார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்தோம். 2021-ல் பத்மஸ்ரீ. இரண்டே புள்ளி வித்தியாசத்தில் ஓடிக்கொண்டிருக்கிற மேட்ச்சில் பதற்றப்படாத ஒருத்தி வேண்டும். அதை எந்த அளவுநாடாவால் அளப்பது?

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், கொங்கு நாட்டில் ஒரு கார்டுக்குக் கிடைக்கிற காலம் ரொம்பக் குறைவு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். ஈரோடு, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். 'ஏங்கண்ணு, பந்து தட்டி என்ன பண்ணப்போற? ரெண்டு வருசம் படிச்சுப்போட்டு அப்பறமா ஆடிக்கோ' என்று சொல்வதில் பாசம்தான் இருக்கிறது. ஆனால் 16 வயதுக்குட்பட்டோர், 18 வயதுக்குட்பட்டோர் மாநில அணிகள் அமைவது அந்த இரண்டு வருடத்தில்தான். உயரம் தானாக வளரும், காத்திருக்கலாம். கார்டின் கண்ணும் கையும் விட்டால் துருப்பிடித்துவிடும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் வாதாட உதவும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு. ரயில்வே, வங்கி, முப்படை அணிகளும் ஆள் எடுக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு நடக்கும். 11 என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், பத்தாம் வகுப்போடு கதை முடிந்துவிடவில்லை.

அப்பா அம்மாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. கேலரியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பெரும்பாலும், பிள்ளை கையில் பந்து வந்ததும் போனைத் தூக்குகிறார்கள், ஷாட் போட்டதும் இறக்கிவிடுகிறார்கள். ரீல்ஸுக்கு அது போதும். கல்லூரிப் பயிற்சியாளர் யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் ஒரு முழு மேட்ச் வேண்டும். போனைப் படுக்கை வசத்தில் பிடியுங்கள். கேலரியில் நடுக்கோட்டுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில் உட்காருங்கள். பந்தின் பின்னாலேயே ஜூம் செய்துகொண்டு போகாதீர்கள், பத்துப் பேரும் ஃபிரேமில் தெரிய வேண்டும். உங்கள் பிள்ளை பாஸ் கொடுப்பதற்கு முன்னால் யாரைப் பார்த்தான் என்பது அப்போதுதான் தெரியும். தோற்ற மேட்ச்சையும் சேர்த்து அனுப்புங்கள். பிறந்த தேதியில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு வருடம் குறைத்துக் காட்டி ஜெயித்த பிள்ளை, நிஜ வயதுக்காரர்களோடு மோதும் நாளில் திணறுவான். மாட்டினால் எல்லாமே போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகு, 'எல்லாஞ் சரிங்க, எம் பொண்ணு அஞ்சடி மூணு அங்குலந்தான இருக்கா' என்று யாராவது கேட்பீர்கள், தெரியும். மக்ஸி போக்ஸ் என்று ஒருவர் ஆடினார். கார்டு. 1987-88 சீசனில் வாஷிங்டன் அணியில் அவரோடு சேர்ந்து ஆடிய மனுட் போலின் உயரம் 7 அடி 7 அங்குலம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற போட்டோ இணையத்தில் கிடைக்கும், தேடிப் பாருங்கள். போக்ஸ் என்.பி.ஏ-வில் 14 சீசன் ஆடினார். அவர் உயரம், சரியாக 5 அடி 3 அங்குலம்.