தெருவுக்கு வராத தர விதி

கண்ணாடி இழை இணையத்தின் தரத்தை இரண்டு இடங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, ஊர்களை இணைக்கும் முதுகெலும்புத் தடம். மற்றது, வீட்டுக்கு வரும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர். முதல் தடத்துக்கு விதி உண்டு, பொறியியலும் உண்டு. பெங்களூரு தொம்மலூர்வாசியின் பணம் வீணாவது இரண்டாவதில்தான்.

முதுகெலும்பில் ஒரே இழைக்குள் பல அலைநீளங்களில் ஒளி ஓடுகிறது. எம்.பி.எல்.எஸ். முறை நெரிசலான வழியைத் தவிர்த்துத் தரவைத் திருப்பிவிடும். டிஃப்சர்வ், அவசரப் பொட்டலங்களுக்கு முன்னுரிமை முத்திரை இடும். இழையில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு 5 மைக்ரோ விநாடி போதும். சுமார் 350 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு 2 மில்லி விநாடிகூட ஆகாது. தாமதத்துக்குக் காரணம் தூரமல்ல, வரிசை.

அந்த வரிசை உருவாவது தெருவில். பெரும்பாலான வீடுகளுக்கு இணைப்பு தரும் ஜிபான் முறையில், தொலைபேசி நிலையத்து ஓ.எல்.டி. கருவியிலிருந்து புறப்படும் ஓர் இழையின் மொத்தப் பதிவிறக்கத் திறன் 2,488 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு மெகாபிட்). அதை ஸ்ப்ளிட்டர் 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கிறது. 32-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 77.75. 64 என்றால் 39-ஐக்கூடத் தொடாது. விற்கப்படுவதோ 300 எம்.பி.பி.எஸ். திட்டம். எட்டு வீடுகள் வாங்கிய வேகத்தை முழுமையாக எடுத்தால் ஒன்பதாம் வீட்டுக்கு மிஞ்சுவது 88. பதிவேற்றம் இன்னும் மோசம்: மொத்தமே 1,244, அதாவது 32 வீடுகளில் தலைக்கு 39. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் தொம்மலூரில் காணொளிக் கூட்டம் நிற்பதும் நடப்பதும் இந்த எண்ணால்தான்.

‘எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதில்லை’ என்பது நிறுவனங்களின் பதில். ஐ.பி.எல். இரவுகளில் அந்தப் பதில் எடுபடாது.

உத்தரவாதம் தருவது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமும் அல்ல. நிலையான பங்கு, உறுதியளித்த பங்கு, மிச்சமிருந்தால் கிடைக்கும் பங்கு என்று பதிவேற்றத்தை வகைப்படுத்த ஜிபான் தரநிலையிலேயே வழி இருக்கிறது. தொம்மலூரை ஒட்டிய கால்ஃப் லிங்க்ஸ் போன்ற அலுவலக வளாகங்களுக்கு எழுத்துப்பூர்வ உத்தரவாதத்துடன் லீஸ்டு லைன் எனும் தனி இணைப்பு கிடைக்கிறது. பக்கத்துத் தெருவின் வீடுகளுக்கு மிச்சம்.

விதிகள் இந்த அநீதியைத் தொடவே இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2006 ஒழுங்குமுறை, உச்ச நேரத்தில் இணைப்புப் பயன்பாடு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. ஆனால் அது அளந்தது வழங்குநரின் நிலையத்திலிருந்து மேலே செல்லும் தடத்தை. 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய ஒழுங்குமுறை, பழைய மூன்று ஒழுங்குமுறைகளை ஒன்றாக்கியது. ஸ்ப்ளிட்டரை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. சந்தாதாரர் வேகம் சோதிக்கப்படுகிறதே என்பார்கள். மாநிலம் முழுமைக்குமான சராசரியில் ஒரு தெருவின் மாலை நேரம் எப்படித் தெரியும்?

மின்கம்பங்களில் அனுமதியின்றித் தொங்கும் இழைகளை அகற்றச் சொல்லி 2024-இல் மின் வழங்கல் நிறுவனமான பெஸ்காம் கெடு விதித்தபோது ஊரே பேசியது; கண்ணுக்குத் தெரியும் கோளாறு அது. இழை அறுந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும், கேபிள்காரர் ஏணியோடு வருவார். நெரிசலுக்கு விளக்கே இல்லை. பச்சை எரிந்துகொண்டிருக்கும், திரையில் வட்டம் சுழன்றுகொண்டிருக்கும், புகார் எண்ணில் ‘லைன் சரியாகத்தான் இருக்கிறது’ என்பார்கள்.

ஓர் இணைப்பின் திறனை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்பதை வழங்குநர்கள் வெளியிட வேண்டும் என்று 2009-இலேயே டிராய் வழிகாட்டியது. வீட்டு இணைப்புக்கு 1:50 என்ற வரம்பும் அதில் இருந்தது. இனி வழிகாட்டுதல் போதாது. ஸ்ப்ளிட்டர் விகிதமும் அந்த இழையின் மாலை நேரப் பயன்பாடும் ஒவ்வொரு பில்லிலும் அச்சாக வேண்டும். இழையின் திறனை வீடுகளால் வகுத்து வரும் எண்ணுக்கு மேல் ஒரு மெகாபிட்டைக்கூட விளம்பரப்படுத்த உரிமம் இடம் தரக் கூடாது.