விருந்தாளிக்கு இடமில்லாத வரவேற்பறை

சென்ற ஆண்டு எங்கள் பெரிய மாமா இருதயப் பரிசோதனைக்காகக் காயல்பட்டினத்திலிருந்து சென்னைக்கு வந்திருந்தார். செந்தூர் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கியவர், மண்ணடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வராமல் பிராட்வே அருகே ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கினார். நான்கு நாள் கழித்து அவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கே செய்தி தெரிந்தது. பதறிப்போய் அலைபேசியில் கேட்டோம். "உங்க வீட்டுல படுக்க இடம் ஏதும்மா? பிள்ளைகளுக்குத்தானே சிரமம்" என்றார். அவர் குரலில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்தியது.

அவர் சொன்னது பொய்யன்று. எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. 12 அடிக்கு 10 அடியில் ஒரு கூடம், அதைவிடச் சிறிய ஒரு படுக்கையறை, இருவர் சேர்ந்து நிற்க முடியாத சமையலறை. இதில் உம்மாவும் நாங்கள் இருவரும், 11 வயது மகனும் 8 வயது மகளுமாக ஐந்து பேர் இருக்கிறோம். ஆயினும் இடமில்லாமல் போனதற்கு வீட்டின் அளவைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அன்றிரவு அளவு நாடாவை எடுத்து அளந்து பார்த்தோம். மூவர் அமரும் சோபா, அதன் துணையாக வந்த ஒற்றை இருக்கைகள் இரண்டு, டீப்பாய், ஷோகேஸ் ஆகியவை மட்டும் கூடத்தின் 120 சதுர அடியில் 48 சதுர அடியை அடைத்திருந்தன. மீதமிருந்த இடமும் சேர்ந்தாற்போல் இல்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் போகும் சந்துகளாகச் சிதறிக் கிடந்தது. ஒருவர் ஸஜ்தா செய்ய 4 அடி நீளமும் 2 அடி அகலமும் போதும். ஆனால் தந்தையும் மகனும் தோளோடு தோள் சேர்ந்து தொழ வேண்டுமானால் டீப்பாயைத் தூக்கிச் சோபாவின் மேல் வைக்க வேண்டியிருந்தது.

ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஒரு செய்தியை நம்மில் பலர் கேட்டிருப்போம். நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது அன்னையார் அவர்களுக்கு முன்னால் படுத்திருப்பார்கள். ஸஜ்தாவுக்குச் செல்லும்போது நபியவர்கள் அவர்களுடைய காலைத் தொட்டு உணர்த்துவார்கள். அவர்கள் காலை மடக்கிக்கொள்வார்கள். எழுந்ததும் மீண்டும் நீட்டிக்கொள்வார்கள். அந்நாளில் வீடுகளில் விளக்கும் இல்லை என்பதையும் அன்னையாரே சொல்கிறார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியைத் தொழுகையின் சட்டம் பேசும் இடத்தில்தான் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். அளவு நாடாவுடன் உட்கார்ந்திருந்த அந்த இரவில், ஒரு அறையின் அளவைச் சொல்லும் செய்தியாகவும் அது எங்களுக்குப் பட்டது.

இதைச் சொன்னவுடன், வீட்டை அழகுபடுத்துவதே கூடாது என்கிறீர்களா என்று சிலர் கேட்பர். அப்படிச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை, விருப்பமும் இல்லை. அழுக்கடைந்த சுவரும் குப்பை சேர்ந்த மூலையும் பற்றற்ற வாழ்வின் அடையாளம் ஆகிவிடா. அதே ஆயிஷா நாயகியார் உருவங்கள் வரைந்த திரை ஒன்றைத் தொங்கவிட, நபியவர்கள் அதை விரும்பவில்லை. உடனே அவர்கள் அத்துணியை வெட்டித் தலையணைகளாக்கிக்கொண்டார்கள். துணி குப்பைக்குப் போகவில்லை, புதுத் தலையணை வாங்கவும் இல்லை. சிறிய வீட்டை அலங்கரிக்க முனையும் பெண்ணுக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் கூடத்தை அடைத்திருந்த பொருள்கள் எப்படி வந்தன என்று பார்த்தபோதுதான் உண்மையில் வெட்கமாக இருந்தது. கட்டிலும் பீரோவும் கண்ணாடி மேசையும் கல்யாணத்தின்போது பெண்வீட்டிலிருந்து வந்தவை. மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆண். பெண்ணின் தகப்பனாரோ கடன் வாங்கி, தம் மகள் குடியேறப்போகும் வீட்டின் வாசல் அகலம் கூடத் தெரியாமல் கட்டில் வாங்கி அனுப்புகிறார். எங்கள் கட்டிலைப் படியில் ஏற்ற முடியாமல் பிரித்து, கயிறு கட்டிச் சன்னல் வழியாக இழுத்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. அன்று நாங்களும் சிரித்தோம். அதற்கான கடனை அவர் எத்தனை ஆண்டு அடைத்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது. சீர் கேட்கவில்லை, அவர்களாகவே தந்தார்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் நம் ஜமாஅத்துகளில் இனியேனும் செல்லாக்காசாக வேண்டும்.

சோபாவை வாங்கியது நாங்களே. வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொன்னார்கள், மகிழ்ந்து கையெழுத்திட்டோம். ரொக்கம் கொடுப்பவருக்கு 3,000 ரூபாய் தள்ளுபடி, தவணைக்காரருக்கு அது கிடையாது; கோப்புக் கட்டணம் தனி; ஒரு மாதம் பிந்தினால் அபராதம். இவற்றையெல்லாம் ரசீதை நிதானமாகப் படித்தபோதுதான் கண்டோம். விற்பவரும் வாங்குபவரும் ஒரே விலையை முன்கூட்டி ஒப்புக்கொண்டு தவணையில் கொடுக்கல் வாங்கல் செய்வதை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதிக்கிறார்கள். இங்கே நடப்பது வேறு: நிதி நிறுவனம் ஒன்று நடுவில் நின்று பணம் கொடுத்து, பணமாகவே கூடுதலாகத் திரும்பப் பெறுகிறது. பூஜ்ஜிய சதவீத வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என்ற கருத்தை இந்திய ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் தெரிவித்தது. வட்டியை அஞ்சும் நாம் விளம்பரப் பலகையை நம்பிவிட்டோம்.

சோபாவைப் பழைய பொருள் வாங்குபவரிடம் 9,000 ரூபாய்க்குக் கொடுத்தோம். வாங்கிய விலை 38,000. ஷோகேஸுக்கு 2,500 கிடைத்தது. அக்கம்பக்கத்தார் எங்களுக்கு ஏதோ பண நெருக்கடி என்றே எண்ணினார்கள். அந்த எண்ணத்தைத் தாங்கிக்கொள்வதுதான் இந்த முயற்சியிலேயே கடினமான பகுதி.

கைக்கு வந்த 11,500 ரூபாய்க்குள் வீட்டை மாற்றுவது என்று வரம்பு கட்டிக்கொண்டோம். வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்று, கரும்பச்சையாக இருந்த கூடத்துச் சுவருக்கு மங்கலான வெள்ளை அடித்தோம். சாயம், தூரிகை எல்லாம் 3,200 ஆயின. ஆள் கூலி இல்லை. பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பங்கள் நெய்யும் பட்டுப்பாய் எங்கள் கைக்கு எட்டாதது. சாதாரணக் கோரைப்பாய் ஆறு 2,100க்கு வாங்கினோம். லாஃப்டில் கட்டிக் கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகளைப் பிரித்து அடித்து, இரண்டு மெத்தையும் நான்கு திண்டுமாக மாற்றத் தந்த கூலி 2,400. உறைகள் உம்மாவின் பழைய சேலைகள். கோரைப்பாய்க்கு ஒரு குறை உண்டு: ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். வெயில் கண்ட நாளில் மொட்டை மாடியில் காயப்போடச் சோம்பினால் அடுத்த ஆண்டு வேறு வாங்க வேண்டியதுதான்.

வீட்டை மாற்றியது திரைதான் என்று சொல்ல வேண்டும். எங்கள் குளியலறை சமையலறையைத் தாண்டி இருக்கிறது. ஆண் விருந்தினர் வந்து கூடத்தில் அமர்ந்தால் பெண்கள் படுக்கையறைக்குள் அடைபட்டுவிடுவார்கள். குளியலறைக்கும் போக முடியாது, தேநீர் போடவும் முடியாது. விருந்தினர் வருவதை நாங்களே உள்ளூர விரும்பாமல் போனதற்கு இதுவும் காரணம். காயல்பட்டினத்தில் வளர்ந்தவர்களுக்கு முடுக்குகள் நினைவிருக்கும். தெருவுக்கு வராமல் பெண்கள் வீடுவிட்டு வீடு போய்வர, வீடுகளுக்கு இடையே விட்டிருக்கும் குறுகிய வழிகள் அவை. நம் முன்னோர் நிலத்தில் விட்ட அந்த வழியைக் கூடத்துக்குள் துணியால் விட்டால் என்ன என்று தோன்றியது. பாரிமுனை கோடவுன் தெருவில் மீட்டர் 85 ரூபாய்க்குக் கெட்டியான பருத்தித் துணி 16 மீட்டர் எடுத்து வீட்டிலேயே தைத்தோம். சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. இருபுறமும் அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் கம்பியை முதலில் பொருத்தினோம். அவ்வளவு நீளத்துக்கு அது தாங்கவில்லை. மாடிவீட்டுப் பெரியவர் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் திரையோடு அவர் தலைமேலேயே இறங்கியது. பிறகு சன்னல் கம்பியிலிருந்து லாஃப்டின் கொக்கிவரை எஃகுக் கம்பி இழுத்து முறுக்கிக் கட்டினோம். படுக்கையறை வாசலிலிருந்து சமையலறை வரை இப்போது இரண்டரை அடி அகலத்தில் எங்களுக்கு ஒரு முடுக்கு இருக்கிறது. வேண்டாதபோது இழுத்துவிட்டால் கூடம் முழுதாகிவிடும்.

மீதித் துணி படுக்கையறையைப் பகுத்தது. பிள்ளைகளைப் பத்து வயதில் தனித்தனியே படுக்கவைக்கச் சொல்லும் நபிமொழி நமக்குத் தெரியும். ஒற்றை அறை வீட்டில் அதைப் பேசவே கூசி, இன்னும் ஓராண்டு போகட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம். அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம், ஃபஜ்ருக்கு முன்னும் நண்பகல் ஓய்விலும் இஷாவுக்குப் பின்னும் சிறுவர்கள் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது. கதவில்லாத இடத்தில் எதைத் தட்டி அனுமதி கேட்பது? இப்போது திரையருகே நின்று ஸலாம் சொல்லிக் கேட்கிறார்கள். மகன் கூடத்தில் பாய் விரித்துக்கொள்கிறான். மகள் உம்மாவோடு திரைக்கு அப்பால். கம்பி, கொக்கி 600 ரூபாய் உட்பட எல்லாவற்றுக்கும் ஆன செலவு 9,660.

தவறுகளும் உண்டு. பொருள்களை ஒழுங்குபடுத்துகிறோம் என்று மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் பன்னிரண்டை முன்பே வாங்கியிருந்தோம். உள்ளே வைக்க வேண்டியவற்றைப் பிரித்தெடுத்துக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்த பின் ஐந்து பெட்டிகளே தேவைப்பட்டன. ஒழுங்குக்கென்று வாங்கிய பொருளே மற்றொரு குப்பையாவதை எல்லா வீட்டிலும் காண்கிறோம். முதலில் கழிக்க வேண்டும், பிறகே பெட்டி. செருப்பு அடுக்கை வாசலுக்கு வெளியே பொது நடைவழியில் வைத்ததும் தவறு. எதிர்வீட்டாரின் வழியைச் சுருக்கி நம் வீட்டை விரிப்பது அண்டை வீட்டாரின் உரிமையில் கை வைப்பது என்று உம்மாதான் உணர்த்தினார்கள்.

உம்மாவுக்கு எங்கள் மீது ஒரு குறையும் இருந்தது. "முட்டி வலிக்காரி தரையில எப்படி உட்கார்றது? வீடும் மொட்டையாக் கிடக்குது" என்றார்கள். முதல் கேள்வி நியாயமானது. தரையில் அமர்வது சுன்னத்தான அழகு என்று இளமையின் வசதியில் பேசிவிடக் கூடாது. கை வைத்த மர நாற்காலி ஒன்றையும், சீராக வந்த கட்டிலையும் அவர்களுக்காகவே வைத்துக்கொண்டோம். கட்டிலின் அடியில்தான் அந்த ஐந்து பெட்டிகளும் இருக்கின்றன. இரண்டாவது குறைக்கு இன்னும் பதில் சொல்ல முடியவில்லை. சுவரின் மேற்பகுதியில் குர்ஆனுக்கென்று சிறிய பலகை மட்டும் இருக்கிறது.

லாஃப்டைக் காலி செய்தபோது, ஊரிலிருந்து கொண்டுவந்து காகிதம் சுற்றியபடியே மேலே ஏற்றிய சஹன் தட்டு கிடைத்தது. சோபா இருந்த காலத்தில் அதை வைத்து அமர்ந்து உண்ணத் தரை ஏது? ஈயம் பூசிய பாத்திரக்காரரிடம் கொடுத்துத் தேய்த்து வாங்கினோம்.

சென்ற மாதம் மாமா மறு பரிசோதனைக்கு வந்தார். அதிகாலையில் எழும்பூர் நிலையத்துக்கே போய் நின்று, கையோடு வீட்டுக்கு அழைத்துவந்தோம். முதல் நாள் பாயில் படுத்தவர், மறுநாள் ஃபஜ்ருக்கு மகனை அவரே எழுப்பினார். கூடத்தில் ஆண்கள் மூவரும் முன்வரிசையில் நிற்க, பின்னால் பெண்களுக்கும் இடம் இருந்தது. நான்கு நாள் என்று வந்தவர் ஆறு நாள் தங்கினார். புறப்படும்போது, அடுத்த முறை மாமியையும் அழைத்துவரலாமா என்று கேட்டார். கோடவுன் தெருவுக்கு இன்னொரு முறை போக வேண்டும்; இன்னும் நான்கு மீட்டர் துணி தேவைப்படும்.