ஆவணக் கருவியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு உத்திரமேரூரிலிருந்து ஒரு மடல்

தமிழில் மென்பொருள் செய்யும் நண்பர்களுக்கு,

கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழில் உதவிப் பக்கங்கள் எழுதுகிறேன். எங்கள் ஒன்றியத்துக் கிராமங்களில் பைத்தானும் லினக்சும் கற்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன். பலருக்கும் கையிலிருப்பது கைப்பேசி ஒன்றுதான். அவர்களுக்காக எழுதியதை நீங்கள் தேர்ந்தெடுத்த கருவி சிதைத்துவிடுகிறது. தனியாகச் சொல்லிப் பார்த்தேன், பலனில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தேர்வு எப்படி நடக்கிறது? தோற்றம் அழகா, இருள் நிற வசதி உண்டா, எந்தப் பெரிய நிறுவனம் பயன்படுத்துகிறது என்று பார்க்கிறீர்கள். பைத்தானின் ஆவணங்களுக்காகப் பிறந்து 2008இல் வெளிவந்த ஸ்பிங்ஸ், மார்க்டவுனில் எழுத எளிதான எம்கேடாக்ஸ், ஃபேஸ்புக் தந்த டாக்குசாரஸ் என்று பட்டியல் போடுகிறீர்கள். மூன்றும் நல்ல கருவிகள். அவற்றை இலவசமாகத் தந்தவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஒரு தமிழ் வரியைக்கூட உள்ளே போட்டுப் பார்க்காமல் முடிவெடுத்த உங்களிடம்தான் என் வருத்தம்.

எம்கேடாக்ஸில் ‘நிறுவுதல்’ என்று ஒரு தலைப்பு எழுதுகிறேன். அந்தத் தலைப்புக்கான இணைப்பு முகவரியை உருவாக்கும்போது, தமிழ் எழுத்துகள் அனைத்தையும் கருவி நீக்கிவிடுகிறது. மிஞ்சுவது ஒன்றுமில்லை. எனவே ‘_1’ என்று பெயர் வைக்கிறது, அடுத்த தலைப்புக்கு ‘_2’. நாளை இரண்டுக்கும் நடுவே புதுத் தலைப்பு ஒன்றைச் சேர்த்தால் எண்கள் நகர்ந்துவிடும். மாணவர் ஒருவர் நண்பருக்கு அனுப்பிய இணைப்பு வேறு பகுதிக்குப் போய் நிற்கும். ஸ்பிங்ஸிலும் இதே கதைதான், அங்கே ‘id1’, ‘id2’. எம்கேடாக்ஸில் ஒருங்குறி எழுத்துகளை அனுமதிக்கும் அமைப்பை இயக்கினால் போதும் என்றார் உங்களில் ஒருவர். இயக்கினேன். ‘நிறுவுதல்’ ‘நறவதல’ ஆனது! அந்தக் கருவி நம்பியிருக்கும் பைத்தானின் சொல் தேடும் விதி கொம்பு, சுழி, புள்ளி எதையும் எழுத்தின் பகுதியாக ஏற்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு இப்படி நேர்ந்திருந்தால் அன்று மாலைக்குள் திருத்தியிருப்பீர்கள்.

தேடலுக்கு வருவோம். பல தளங்கள் லன்னர் என்ற தேடல் நிரலை நம்புகின்றன. மொழியைக் குறிப்பிடாமல் விட்டால், சொல்லின் இரு முனையிலும் ஆங்கில எழுத்தோ எண்ணோ அல்லாதவற்றை அது வெட்டும். தமிழ்ச் சொல் மொத்தமும் அந்த வெட்டில் போய்விடும். ஸ்பிங்ஸின் தேடல் அட்டவணையில் சொல் அழியாது, உயிர்க்குறி வரும் இடமெல்லாம் துண்டாகி ஏறும். பக்கத்தில் கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடல் பெட்டியில் இட்டும் கிடைக்கவில்லை என்றால், படிக்கும் பிள்ளை தன்மேல்தான் பழியைப் போட்டுக்கொள்ளும். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். ஸ்னோபால் தொகுப்பில் தமிழ்ச் சொற்களின் அடியைப் பிரிக்கும் நிரலை ஒருவர் உழைத்து எழுதி வைத்திருக்கிறார். அதை இணைத்துப் பார்க்க உங்களில் யாரும் முன்வரவில்லை.

இணையம் இல்லாத நேரத்தில் படிக்கப் பக்கங்களைப் பென் டிரைவில் கொடுப்போம். ஸ்பிங்ஸ் தரும் பக்கங்கள் அப்படித் திறந்தாலும் தேடலோடு வேலை செய்யும். எம்கேடாக்ஸ் பக்கங்களை வழக்கமான அமைப்பிலேயே கொடுத்தால் தேடல் ஓடாது. இந்த ஒரு வேறுபாட்டை யாராவது மேசையில் வைத்துப் பேசினீர்களா?

கருவியை மாற்றும்போது பழைய பதிப்பின் பக்கங்களை அப்படியே அழித்துவிடும் பழக்கமும் இருக்கிறது. எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகள் 919இல் வெட்டப்பட்டன. இரண்டு ஆண்டு கழித்து, 921இல் திருத்திய விதிகள் வந்தன. பழையதைச் செதுக்கி எறியவில்லை. இரண்டும் இன்றும் படிக்கக் கிடைப்பதால்தான் எது மாறியது என்று நமக்குத் தெரிகிறது. பழைய பதிப்பையே நிறுவி வைத்திருக்கும் பள்ளிக் கணினிகளுக்குப் பழைய ஆவணமும் வேண்டும்.

கணியம் மின்னிதழ் 2012 முதல் தமிழில் நுட்பம் எழுதி வருகிறது. காஞ்சி லினக்சு பயனர் குழு தமிழிலேயே கூடிப் பேசுகிறது. தமிழில் படிக்க ஆளில்லை என்று இனியும் சொல்லாதீர்கள்.

கேட்பது பெரிதல்ல. கருவியை முடிவுசெய்யும் முன் மூன்று தமிழ்ப் பக்கங்களை அதில் ஏற்றுங்கள். தலைப்பின் இணைப்பை நகலெடுத்து, நடுவே ஒரு தலைப்பைச் சேர்த்து, மீண்டும் திறந்து பாருங்கள். பக்கத்தில் உள்ள சொல்லைத் தேடுங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு மறுபடி தேடுங்கள். கருவி ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றால், ஒவ்வொரு தலைப்புக்கும் நிலையான அடையாளத்தைக் கையால் எழுதும் வசதி எம்கேடாக்ஸ், ஸ்பிங்ஸ் இரண்டிலும் உண்டு. அதைத் திட்டத்தின் எழுத்து விதியாக்குங்கள். கண்ட பிழைகளை உங்கள் திட்டத்தின் பெயரிலேயே மூல உருவாக்குநர்களிடம் பதியுங்கள். தனி ஆள் பதிந்தால் அது வரிசையில் கிடக்கும்.

சோதனைக்கான மூன்று பக்கங்களை நானே எழுதித் தருகிறேன். அடுத்த வெளியீட்டுக்கு முன் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆவணங்களை எழுதும் ஒருவர்,
உத்திரமேரூர்