பின்வரிசைப் பிள்ளைகள்

ஊருக்கென்று ஓர் இசைக்குழு. வாத்தியக்காரர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். வெளியூரிலிருந்து ஒரு பெரிய வித்வான் விருந்தினராக வந்து அவர்களோடு சேர்ந்து வாசிப்பார். அதே மேடையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவருக்கும் தனியாக வாசிக்க நேரம் உண்டு. ஐரோப்பிய, அமெரிக்கச் சிறு நகரங்களில் சமூக ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிகள் பல இப்படி நடக்கின்றன. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரெயு 1975-இல் தொடங்கிய 'எல் சிஸ்டெமா' இயக்கம் ஏழைப் பிள்ளைகளைக் கூட்டாக வாசிக்க வைத்தே இசைக்குள் கொண்டுவந்தது. இதெல்லாம் நமக்கு எப்போது வரும் என்று ஏங்குபவர்கள், காவிரிப் படுகையின் பெரிய மேளத்தை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.

இரண்டு நாகஸ்வரம் (நாயனம்), இரண்டு தவில், ஒத்து, தாளம். கோயில் மேளம் அந்த ஊருடையது. திருவிழா என்றால் வெளியூர் வித்வான் வருவார்; 'ஸ்பெஷல் தவில்' வந்து உள்ளூர் நாயனத்தோடு சேர்ந்துகொள்ளும். தவிலில் அப்படி ஊர் ஊராக அழைக்கப்பட்டவர்களில் தலையானவர் நம் திருவாரூர் மாவட்டத்து நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பாடகர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை பல தாள வாத்தியங்களோடு நடத்திய 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகளிலும் அவர் தவில் ஒலித்தது. பக்கத்தில் கொன்னக்கோலுக்கு மன்னார்குடி பக்கிரிப் பிள்ளை. வாய்ப்பாட்டு மேடையில் இத்தனை தாளக் கருவிகளைக் கூட்டிவைத்த அந்த அமர்வுக்கு ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெயர் மட்டும்தான் இல்லை.

பிள்ளைகளின் இடம் பின்வரிசையில் இருந்தது. ஒத்து என்பது ஸ்வரத் துளை இல்லாத நாயனம். ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் ஊத வேண்டும். மணிக்கணக்கில் இப்படி ஊதும் பையனுக்கு வேறு வேலை கிடையாது, கேட்பதைத் தவிர. குரு தோடியை எங்கே தொட்டார், எங்கே விட்டார், தவில்காரர் எந்த இடத்தில் தீர்மானம் வைத்தார் என்பதெல்லாம் காதில் ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் குரு தலையை அசைப்பார், பையன் இரண்டாம் நாயனமாக ஒரு சங்கதியைத் திருப்பி வாசிப்பான். பெரிய வித்வானோடு ஒரே மூச்சில், ஒரே தெருவில், சனங்கள் பார்த்துக்கொண்டிருக்க நடக்கிற அரங்கேற்றம் அது.

ஒத்து ஊதிய அந்தப் பையனின் இடத்தைச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டது. பெட்டி மூச்சு வாங்குவதில்லை, சம்பளம் கேட்பதில்லை. செலவைக் கணக்குப் பார்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு கல்யாண மேளத்துக்குக் கிடைக்கிற பணத்தில் ஆறு பேர் பங்கு போடுவது கடினம். ஆனால் ஒத்துக்காரர் போனதோடு, கற்றுக்கொண்டே மேடையில் இருக்கும் வாய்ப்பும் போய்விட்டது. இன்று பிள்ளை தனியாகப் பயில்கிறான், தனியாகத் தேர்வு எழுதுகிறான். பெரியவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டிய நாளில் அவனுக்கு அதற்கான பழக்கமே இல்லை.

பழைய ஏற்பாட்டைப் போற்றும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பின்வரிசையும்கூட பெரும்பாலும் பரம்பரைக் குடும்பத்துப் பையன்களுக்குத்தான். ஆந்திரத்திலிருந்து வந்து நாச்சியார்கோவில் சகோதரர்களிடம் பயின்று உயர்ந்த ஷேக் சின்ன மௌலானா போன்றவர்கள் அரிது. பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பாய் விரிக்கப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். இப்போது மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் கற்கலாம். கதவு திறந்த காலத்தில் மேடை சுருங்கியிருப்பதுதான் என் கவலை.

திருவாரூருக்குக் கூட்டிசை புதிதல்ல. தியாகராஜர் கோயிலில் பஞ்சமுக வாத்தியம் இருக்கிறது. ஐந்து முகத்துக்கும் ஐந்து விதமான நாதம். சுத்த மத்தளம், கொடுகொட்டி, பாரி நாயனம் என்று இந்தக் கோயிலுக்கே உரிய மரபுகள் உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் சீடர்களில் ஒருவர் இங்கே சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன். தீட்சிதரே ஆங்கிலேய பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு நோட்டுஸ்வர சாகித்தியம் செய்தவர். அவர் தம்பி பாலுசுவாமி ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தவர். வெளியிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள இந்த ஊர் தயங்கியதே இல்லை.

சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்த ஊர் என்பதால் மும்மூர்த்திகள் ஜெயந்தி விழாவுக்குப் பெரிய வித்வான்கள் வருகிறார்கள். வரட்டும், வர வேண்டும். அவர்களுக்குத் தரும் அழைப்பிலேயே ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: விழாவுக்கு முன்தினம் உள்ளூர் மாணவர்களோடு ஒத்திகை, மறுநாள் மேடையில் அவர்களோடு சேர்ந்து ஒரு மல்லாரி, ஒரு கீர்த்தனை. அந்தக் கீர்த்தனையில் கல்பனாஸ்வரத்தின் முதல் சுற்று ஒரு மாணவிக்கோ மாணவனுக்கோ. சுருதிப்பெட்டியை அன்றைக்கு மட்டுமாவது அணைத்துவிட்டு, ஒத்து ஊத இரண்டு பேரை உட்கார வைக்க வேண்டும், சன்மானத்தோடு. விழா நடத்துபவர்களுக்கு இதனால் ஆகும் செலவு சிறியது. ஆழித்தேர் ஓடும் நாளில் நான்கு வீதியிலும் இதே பிள்ளைகளைக் கோயில் மேளத்தோடு நடக்கவிட அறநிலையத் துறை அனுமதி தர வேண்டும். அதற்கான மனுவை இசைப்பள்ளி ஆசிரியர்களும் முறைகார வித்வான்களும் சேர்ந்தே எழுத வேண்டும்.